மூன்றாவது குட்டிக்கு எந்தக் காம்பு?

வெள்ளாட்டுக்குக் காம்பு இரண்டு. செம்மறிக்கும் அப்படியே. பசுவுக்கும் எருமைக்கும் நாலு. பன்றிக்குப் பத்து, பன்னிரண்டு, பதினாலு. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தக் கணக்குக்கு இத்தனை நீளமாக ஒரு பதிவா என்று கேட்பீர்கள். ஒரு தொழுவத்தில் யார் பெரியவன், யார் ஒதுங்கி நிற்க வேண்டியவன் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது என்று எனக்கு ஓர் எண்ணம். குட்டிகளின் எண்ணிக்கை காம்பின் எண்ணிக்கையைத் தாண்டுகிற அன்றைக்குத் தொடங்குகிறது. அதுவரை தொழுவத்தில் எல்லாரும் அண்ணன் தம்பிதான்.

திருச்செந்தூருக்குக் கோயிலுக்கு வந்து போகிறவர்களுக்குக் கடலும் மயிலும் தெரியும். ஊரை விட்டு உடன்குடிப் பக்கமோ சாத்தான்குளம் பக்கமோ கொஞ்சம் உள்ளே போனால் செம்மணல் தேரி, பனை, உடைமரம். உடைநெத்து உதிர்கிற காலத்தில் குதிரைமொழித் தேரி ஓரத்து ஆடுகளைப் பிடிக்க முடியாது. மத்தியான வெயிலிலும் மரத்தடியை விட்டு நகராது. இப்படி மேய்கிற வெள்ளாடுகளில் இரண்டு இனங்கள் இந்த வட்டாரத்துக்கே உரியவை. ஒன்று கன்னி ஆடு. கறுப்பு உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோடு வெள்ளை என்றால் பால்கன்னி, சிவப்பு என்றால் செங்கன்னி. கோவில்பட்டி, விளாத்திகுளம், விருதுநகர் என்று கரிசல் பக்கம் நிறைய இருக்கும். இன்னொன்று கொடி ஆடு. நெட்டைக் கால், ஒடிசலான உடம்பு. வெள்ளையில் கறுப்புத் தெறித்திருந்தால் கரும்போரை, சிவப்புத் தெறித்திருந்தால் செம்போரை. தூத்துக்குடி, இராமநாதபுரம் கரையோரத்து ஆடு அது. இரண்டையும் கறிக்காகத்தான் வளர்க்கிறார்கள். பால் கறக்க யாரும் அந்த மடியில் கை வைப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாட்டுத் தொழுவத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

கன்னி ஆட்டுக்குப் பெருமையே இரட்டைக் குட்டிதான். தலையீத்தில் ஒன்று போட்டாலும் அடுத்தடுத்த ஈத்தில் இரண்டு போடும் ஆடுகள் நிறைய. எப்போதாவது மூன்று. என் பெரியம்மை வீட்டில் ஒரு பால்கன்னி அப்படி மூன்று போட்டது. இரண்டு கிடாய், ஒரு பெட்டை. பெட்டைதான் சின்னது, கடைசியாக வந்தது.

"ஒண்ணு தேறாது மக்கா, பாத்துக்கோ" என்றாள் பெரியம்மை.

"எதுன்னு இப்பவே எப்படிப் பெரியம்மை தெரியும்?"

"ரெண்டு நாளு பொறு. ஆடே சொல்லிரும்."

ஆடு என்ன சொல்லும், எப்படிச் சொல்லும் என்று பார்க்கத்தான் நான் அங்கே சுற்றிக்கொண்டிருந்தேன். பெரியம்மைக்கு அது எரிச்சல். கைக்கு சோப்புப் போட்டுவிட்டு வந்து குட்டியைத் தொடாதே என்று ஒரு அதட்டல். அந்த அதட்டலுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆராய்ச்சியே இருக்கிறது.

ஆடு குட்டி போட்ட கையோடு நக்கத் தொடங்குகிறது. நாம் அதைச் சுத்தம் செய்வதாக நினைக்கிறோம். குட்டியின் மேல் ஒட்டியிருக்கிற ஈரத்தின் வாசனையை அந்த நேரத்தில் தாய் மனப்பாடம் செய்கிறது. அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கிளாப்ஃபர் என்பவர் 1960-களில் வெள்ளாடுகளை வைத்து இதைச் சோதித்தார். பிறந்ததும் ஐந்தே நிமிடம் குட்டியைத் தாயிடம் விட்டு, பிறகு எடுத்துப்போய், சில மணி நேரம் கழித்துத் திரும்பக் கொடுத்தால் தாய் சேர்த்துக்கொண்டது. அந்த ஐந்து நிமிடமும் கிடைக்காமல் எடுத்துப்போன குட்டியைத் திரும்பக் கொடுத்தபோது பெரும்பாலான ஆடுகள் முட்டித் தள்ளின. ஈனும்போது உடலில் சுரக்கிற ஆக்சிடோசின், பால் இறங்குவதற்கு மட்டும் உதவுவதில்லை. தாயின் மூளையில் அந்தச் சிறிது நேரத்துக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. கதவு மூடுவதற்குள் எந்த வாசனை உள்ளே போகிறதோ அதுதான் பிள்ளை. சோப்பு வாசனை போய்விடக்கூடாது என்பது பெரியம்மையின் கவலை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை குட்டி மடிக்கு வரும்போதும் தாய் கழுத்தைத் திருப்பி அதன் வாலடியை முகர்ந்து பார்க்கும். குட்டி பால் குடிக்கும்போது வாலைப் படபடவென்று ஆட்டுகிறதே, அது சந்தோஷத்தில் என்றுதான் சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த ஆட்டத்தில் வாலடி வாசனை தாயின் மூக்குக்குப் போகிறது என்பதும் உண்மை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டேதான் குட்டி சாப்பிடுகிறது.

முதல் நாள் பாலுக்கு எங்கள் பக்கம் சீம்பால் என்பார்கள், கடும்பு என்று சொல்கிறவர்களும் உண்டு. மனிதப் பிள்ளைக்கு நோய் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பங்கு தாய் வயிற்றிலேயே தொப்புள்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். ஆடு, மாடு, பன்றிக்கு அந்த வழி அடைப்பு. எல்லாம் சீம்பாலில்தான் வரவேண்டும். அதையும் குட்டியின் குடல் அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் ஒரு நாள்தான். நேரம் ஆக ஆக உறிஞ்சுவது குறைந்து, ஏறத்தாழ இருபத்து நாலு மணி நேரத்தில் அந்த வாசல் மூடிவிடும். இரண்டு கிலோவைச் சுற்றிப் பிறக்கிற ஒரு குட்டிக்கு முதல் நாளில் தன் எடையில் பத்தில் ஒரு பங்காவது சீம்பால் உள்ளே போகவேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். ஆக, முதல் நாள் சண்டையில் தோற்ற குட்டி பசியோடு மட்டும் போவதில்லை. பின்னால் வரப்போகிற சளிக்கும் கழிச்சலுக்கும் எதிராகப் பிடிக்க வேண்டிய கேடயத்தையும் அன்றைக்கே இழந்துவிடுகிறது.

இரட்டைக் குட்டியில் இந்தச் சண்டை பெரிதாக இருக்காது. ஆளுக்கு ஒரு காம்பு. நாலைந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று இடது பக்கமும் ஒன்று வலது பக்கமும் பழகிப் போயிருக்கும். செம்மறியில் இதை இங்கிலாந்தில் யூபாங்க் என்பவர் கவனித்து 1964-இல் எழுதினார். இரட்டையில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பக்கத்தை வைத்துக்கொள்ளும் போக்கு. கொஞ்ச நாள் போனபின் தாய் இன்னொன்றும் செய்யும். ஒரு குட்டி மட்டும் தனியாக வந்து மடியில் வாய் வைத்தால் காலைத் தூக்கி நகர்ந்துவிடும், இரண்டும் சேர்ந்து வந்தால் நிற்கும். இது எனக்கு மிகவும் பிடித்த சேதி. வேகமாக ஓடிவருகிற பிள்ளைக்குத் தனி ஊட்டு கிடையாது, மந்தமாக வருகிறவனையும் கூட்டிக்கொண்டு வா என்பது தாயின் ஏற்பாடு. மடிக்குள் அண்ணன் தம்பிப் பங்கீடு சரியாக நடப்பதில் பாதி அவள் காலால் நடத்துவது.

மூன்று வந்தால் இந்த ஏற்பாடு உடைகிறது. இரண்டு வந்ததுமே தாய் நின்றுவிடுகிறாள். பெரிய கிடாய்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முன்னங்காலை மடித்து உட்கார்ந்து முட்டும்போது, பெட்டைக்குட்டி தாயின் கழுத்தடியில் போய்த் தாடியைச் சப்பிக்கொண்டிருந்தது. பால் இறங்கி முடிந்தபின் வந்து காலிக் காம்பை இழுக்கும். தாய்க்கு வலிக்கும், நகர்ந்துவிடுவாள். பால் குறைந்த குட்டிக்கு உடம்பு சூடு குறையும். சூடு குறைந்தால் எழுந்து வரச் சுணங்கும். சுணங்கினால் அடுத்த தடவையும் மூன்றாவதாகத்தான் வரும். இரண்டாம் நாள் சாயங்காலம் பெரியம்மை சொன்னது சரியாகிவிட்டது. ஆடு சொல்லிவிட்டது. ஆனால் ஆடு சொன்னது பெட்டைக்குட்டியின் தரத்தைப் பற்றியா, தன் காம்புக் கணக்கைப் பற்றியா? பிறக்கும்போது அதற்கும் அண்ணன்களுக்கும் இருந்தது உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தால் தெரிகிற அளவு வித்தியாசம். இரண்டு நாளில் அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் ஆகிவிட்டது.

பெரியம்மை சும்மா விடவில்லை. காலையும் மாலையும் ஆட்டைச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, முழங்காலால் அணைத்துக்கொண்டு, கிடாய்களைக் கொடாப்புக்குள் கவிழ்த்துவிட்டு, பெட்டையை மட்டும் ஊட்டவிட்டாள். கொடாப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பனைநாரிலோ குச்சியிலோ முடைந்த பெரிய கூடையைக் கவிழ்த்துக் குட்டிகளை உள்ளே அடைத்துவிட்டுத் தாயை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போவது நம் பக்கத்துப் பழக்கம். வெளியூரிலிருந்து வந்து பார்க்கிறவர்களுக்குக் கொடுமையாகத் தெரியும். வெள்ளாட்டுக் குட்டிக்கு அது அத்தனை கொடுமையில்லை. காட்டில் இருந்த காலத்திலும் வெள்ளாட்டுக் குட்டி முதல் சில நாட்கள் ஏதாவது புதரடியில் சத்தம் காட்டாமல் சுருண்டு கிடக்கும், தாய் மேய்ந்துவிட்டு வந்து ஊட்டிவிட்டுப் போகும். செம்மறிக் குட்டியோ பிறந்த சிறிது நேரத்திலேயே தாய் பின்னால் ஓடுகிற சாதி. வேம்பூர்ச் செம்மறிக் குட்டியைக் கொடாப்பில் அடைத்தால் அது போடுகிற சத்தத்தை வைத்தே வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

பெட்டைக்குட்டி தானாகவும் ஒரு வழி கண்டுபிடித்தது. பக்கவாட்டில் இடம் இல்லை என்றானதும் பின்பக்கமாக, தாயின் இரண்டு பின்னங்கால்களுக்கும் நடுவே தலையை விட்டுக் குடிக்கப் பழகிவிட்டது. மந்தையில் தாயில்லாக் குட்டிகளும் இதே வழியைத்தான் பிடிக்கும். பக்கவாட்டில் நின்றால் தாய் திரும்பி முகர்ந்து, இது நம் பிள்ளை இல்லை என்று கண்டுபிடித்துவிடும். பின்னால் நின்றால் மூக்கு எட்டாது. சொந்தப் பிள்ளை ஆளுக்கொரு பக்கம் குடித்துக்கொண்டு தாய் மயங்கி நிற்கிற நேரம் பார்த்து அந்நியக் குட்டி பின்வழியாக நுழையும். கொம்பு வளர்வதற்கு முன்பே, பல் முளைத்து முடிவதற்கு முன்பே, ஒரு குட்டி தன் இடம் எதுவென்று தெரிந்து அதற்கேற்ற தந்திரத்தைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. இதைப் பார்த்தபின் ஆடுகளை மந்தபுத்தி என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

ஆட்டில் மூன்று பேர் சண்டை என்றால், பன்றியில் அது போர்.

பன்றிக்குட்டி பிறக்கும்போதே வாயில் எட்டுப் பல் இருக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கிற ஊசிப் பற்கள். அதனால் தின்ன முடியாது. கூடப் பிறந்தவன் கன்னத்தைக் கிழிக்கலாம். பிறந்த சில நிமிடங்களில் ஒவ்வொரு குட்டியும் மடியை வந்தடைந்து காம்பு காம்பாகச் சுவைத்துப் பார்க்கும். முன்னங்கால் பக்கத்துக் காம்புகளுக்குத்தான் கிராக்கி, அவற்றில் பொதுவாகப் பால் கூட. இரண்டு மூன்று நாளில் இன்னார்க்கு இன்ன காம்பு என்று ஏறத்தாழ முடிவாகி, ஒரு வாரத்தில் உறுதியாகிவிடும். பால்குடி மறக்கும்வரை ஒவ்வொன்றும் தன் காம்பிலேயே குடிக்கும், அடுத்தவன் காம்பில் வாய் வைக்காது. ஆஸ்திரேலியாவில் கிளென் மெக்பிரைட் 1963-இல் இந்தக் காம்பு வரிசையைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள்.

ஏன் இத்தனை கறார்? பன்றியின் மடியில் பால் தேங்கி நிற்க இடம் கிடையாது. நினைத்த நேரம் வந்து குடிக்க முடியாது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாய் சாய்ந்து படுத்து, தாளகதியில் உறுமத் தொடங்கும். குட்டிகள் ஓடிவந்து மூக்கால் மடியைப் பிசையும். உறுமல் வேகம் பிடித்து உச்சத்துக்குப் போனதும் பால் இறங்கும். எவ்வளவு நேரம்? இருபது விநாடி போல. அதற்குள் குடித்தவன் குடித்தான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி ஒரே ஒரு தடவை ஓடிவந்து போகும் என்றால் நாம் இலையை விட்டு எழுந்து இடம் மாறுவோமா? அப்படித்தான். இருபது விநாடியில் சண்டை போட்டால் சண்டைக்காரர்கள் இருவரும் பட்டினி. அதனால் சண்டையை முதல் சில நாளிலேயே போட்டு முடித்துவிட்டு, பிறகு அவரவர் இடத்தில் உட்காருகிறார்கள். காம்பு கிடைக்காதவனுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. யாரும் குடிக்காத காம்பு சில நாளில் வற்றிவிடும். பின்னால் மனம் மாறி வந்து கேட்டாலும் பால் இருக்காது.

இந்த ஊசிப் பல்லைப் பல பண்ணைகளில் பிறந்ததும் வெட்டிவிடுவது வழக்கம். டேவிட் ஃபிரேசரும் தாம்சனும் 1991-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரே ஈத்தில் சில குட்டிகளுக்குப் பல்லை வெட்டி, சிலவற்றுக்கு விட்டுவைத்துப் பார்த்தார்கள். குட்டிகள் அதிகம் இருந்த ஈத்துகளில் பல் இருந்தவை கூடுதல் எடை போட்டன. பல் என்பது தின்ன அல்ல, உடன்பிறந்தவனை ஒதுக்க வளர்ந்த ஆயுதம் என்பது அவர்கள் முடிவு. படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் நம் மதுரைக்காரர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவிளையாடல் புராணத்தில் 45-ஆவது படலம் பன்றிக்குட்டிக்கு முலை கொடுத்தது. குருவின் தவத்தைக் கல்லும் மண்ணும் எறிந்து கெடுத்த சுகலனின் பன்னிரண்டு பிள்ளைகள் சாபம் பெற்றுப் பன்றிக் குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியன் வேட்டையில் தாயும் தகப்பனும் செத்துப் போக, பன்னிரண்டும் பசியில் கதறுகின்றன. சொக்கநாதரே தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அடுத்த படலத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும், முகம் பன்றியாகவே இருக்க, பாண்டியனுக்கு மந்திரிகள் ஆகிறார்கள். மதுரைப் புது மண்டபத்துத் தூணில் இந்தச் சிற்பத்தைப் பார்க்கலாம். குட்டிகள் பன்னிரண்டு, பன்றிக்குக் காம்பும் பன்னிரண்டு இருப்பது சாதாரணம். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது. யாரும் விடுபடவில்லை, பன்னிரண்டு பேரும் மந்திரி. பரஞ்சோதி முனிவர் எண்ணிப் பார்த்துத்தான் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. பன்னிரண்டுக்குப் பதில் பதினாறு குட்டிகள் என்றிருந்தால் சொக்கநாதருக்கும் சிக்கல்தான் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் சாமியின் கதையில் அந்தக் கவலையே இல்லை. சரவணப் பொய்கையில் குழந்தைகள் ஆறு, பாலூட்ட வந்த கார்த்திகைப் பெண்களும் ஆறு பேர். ஆளுக்கொரு தாய்.

பதினாறு குட்டிகள் என்றது விளையாட்டுக்கு இல்லை. டென்மார்க்கில் பன்றி இனவிருத்தியில் குட்டி எண்ணிக்கையையே குறியாக வைத்துத் தெரிவு செய்து செய்து, இன்று ஒரு ஈத்துக்கு உயிரோடு பிறக்கிற குட்டிகளின் சராசரி பதினேழைத் தாண்டிவிட்டது. காம்பு அந்த வேகத்தில் கூடவில்லை. மிஞ்சின குட்டிகளை வேறொரு தாய்ப்பன்றியிடம் மாற்றி வளர்ப்பது அங்கே அன்றாட வேலை. பற்றாக்குறையை இயற்கை கொடுத்தது கொஞ்சம், மனிதன் கணக்குப் போட்டு உண்டாக்கியது மிச்சம். அதற்குப் பிறகு, சண்டை போடுகிறதே என்று பல்லை வெட்டுகிறோம்.

சரி, மடியில் ஜெயித்தவன்தான் பிறகு மந்தையிலும் பெரியவனா? இதைத்தான் நான் பலரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆடு வளர்ப்பவர்கள் ஆமாம் என்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் அத்தனை தெளிவாகச் சொல்வதில்லை. பன்றியில் முன்காம்புக் குட்டி பால்குடி மறக்கும்போது எடை கூடியிருப்பது பல இடங்களில் காணப்பட்டது. எடை கூடியவன் தொட்டியடியில் மற்றவனைத் தள்ளுவதும் இயல்பு. ஆனால் பன்றிகளைக் கலைத்து, தெரியாதவர்களோடு சேர்த்து அடைத்தால் வரிசை மறுபடி முதலிலிருந்து எழுதப்படுகிறது. அப்போது காம்பு ஞாபகம் யாருக்கும் உதவாது.

மந்தையில் வரிசை என்கிற விஷயத்தையே உலகத்துக்குக் கோழி வழியாகக் காட்டியவர் நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே. சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளை உட்கார்ந்து பார்த்து, எது எதைக் கொத்துகிறது என்று குறித்து வைத்தவர். 1921, 22-இல் அதை ஆய்வாக வெளியிட்டார். ஒன்றாம் கோழி எல்லாரையும் கொத்தும், கடைசிக் கோழியை எல்லாரும் கொத்துவார்கள். சேவற்கொடியோன் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் போனால் சரியாயிருக்காது. ஆனால் கோழிக்குஞ்சுக்கு மடி கிடையாது. தாய் கிளறிக் காட்டுகிற இரையைத் தானே பொறுக்க வேண்டும், வரிசை அதற்குப் பல வாரம் கழித்துத்தான் கெட்டிப்படும். மடி உள்ள விலங்குக்கு வரிசையின் முதல் பாடம் பிறந்த நாளிலேயே வந்துவிடுகிறது.

வெள்ளாட்டில் பால் மறந்தபின் வரிசையைத் தீர்மானிப்பது வயது, எடை, கொம்பு. குட்டிகள் சில நாள் வயதிலேயே பின்னங்காலில் எழும்பி நின்று, தலையைச் சாய்த்து ஒன்றின்மேல் ஒன்று இறங்கும். செம்மறி அப்படி எழும்பாது, பின்னால் போய் ஓடிவந்து நேராக மோதும். விளையாட்டுத்தான், ஆனால் யார் எழும்பினால் யார் விலகுவது என்பது விளையாட்டிலேயே பழகிவிடும். பெரியம்மையின் பெட்டைக்குட்டி எழும்புவதில் யாருக்கும் குறைந்ததில்லை. தீவனத் தொட்டியில் மட்டும் அண்ணன்கள் தின்றுவிட்டு நகரும்வரை காத்திருக்கும். பட்டினியில் வளர்ந்த எடை குறைவினால் அப்படியா, பின்பக்கம் காத்திருந்து பழகியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒரு ஆட்டை வைத்து அதைப் பிரிக்கவும் முடியாது.

இதையெல்லாம் தாண்டி மனிதன் கொடுக்கிற பதவி ஒன்று இருக்கிறது. சுடலைமாடன் கொடைக்கென்று நேர்ந்து விட்ட கிடாயைப் பார்த்திருப்பீர்கள். குட்டியாக இருக்கும்போதே "இது சாமிக்கு" என்று சொல்லிவிட்டால் அன்றிலிருந்து அதன் நிலைமை வேறு. வீட்டுக்குள் வரும், அரிசிப் பானைப் பக்கம் போகும், யாரும் கம்பெடுக்க மாட்டார்கள். தாயிடம் கடைசி வரை குடிக்க விடுவார்கள், கூடப் பிறந்தவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள் அல்லது சீக்கிரம் பால் மறக்கடிப்பார்கள். அது கொழுத்து மினுமினுவென்று தொழுவத்தில் எல்லாரையும் தள்ளிக்கொண்டு திரியும். அதன் பெரியதனத்துக்குக் காரணம் கொம்புமில்லை, முன்காம்புமில்லை. ஊரார் மரியாதை பாலாக மாறி, பால் எடையாக மாறி, எடை அதிகாரமாகிவிட்டது. அந்த அதிகாரம் கொடை நாள் வரைதான் என்பது கிடாய்க்குத் தெரியாது. கிடாய்க்குட்டிக்கு விலை கூட என்பதால், நேர்ச்சை இல்லாத வீடுகளிலும் கொடாப்பை முதலில் திறந்து கிடாயை விடுகிற கைகள் உண்டு. பெரியம்மை அப்படிச் செய்ததில்லை, பெட்டைதான் வம்சம் என்பாள்.

கன்னி, கொடி ஆட்டு மடியில் கை வைக்காத மனிதன், மாட்டுத் தொழுவத்தில் இன்னும் வெளிப்படையாக வரிசையில் சேர்ந்துகொள்கிறான். முதல் இடத்தில். நம் நாட்டு மாட்டுக்கும் எருமைக்கும் கன்று வந்து முட்டினால்தான் பால் இறங்கும். அதனால் கன்றை அவிழ்த்து விடுவோம். நாலு காம்பிலும் வாய் வைத்துப் பால் இறங்கியதும் இழுத்துத் தாயின் முகத்துக்கு நேரே கட்டுவோம். கறந்து முடித்தபின் மிச்சத்துக்கு மறுபடி விடுவோம். நாலு காம்புக்கு ஒரே கன்று, சண்டை போட ஆளே இல்லை. ஆனாலும் அந்தக் கன்று தன் மடியிலேயே இரண்டாம் ஆள். கன்று செத்துப்போனால் தோலில் வைக்கோல் அடைத்துப் பக்கத்தில் நிறுத்துகிறவர்கள் இருந்தார்கள். பிறகு ஆக்சிடோசின் ஊசி வந்தது. பால் பெருக்குவதற்காக உடம்புக்குக் கேடான ஊசி போடுவதை 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. கன்றைத் தாயிடம் விடாமல் வாளியில் பால் வைத்து வளர்க்கிற பண்ணைகளில் இன்னொரு கூத்து: வயிறு நிறைந்தாலும் சப்பும் ஆசை அடங்காமல் கன்றுகள் ஒன்றின் காதை ஒன்று, தொப்புளை ஒன்று சப்பிக்கொண்டு நிற்கும். தொட்டியில் பால் போதும், ஆனால் பாலூட்டு என்பது பால் மட்டும் இல்லையே.

மணிமேகலையில் ஒரு பசு வருகிறது. சாலி என்பவள் குமரியில் நீராடப் போகிற வழியில், கொற்கையைத் தாண்டி ஒரு காவதத் தூரத்தில் ஆயர் குடியிருப்புப் பக்கம் பிள்ளை பெற்று, ஒரு தோட்டத்தில் விட்டுவிட்டுப் போகிறாள். பசு ஒன்று வந்து அந்தப் பிள்ளையை நாவால் நக்கி, ஏழு நாள் பால் கொடுத்துக் காக்கிறது. அவன்தான் ஆபுத்திரன். கொற்கை இன்றைக்கும் இருக்கிறது, ஏரலுக்குப் பக்கத்தில். திருச்செந்தூரிலிருந்து ஒரு பேருந்து தூரம். கொற்கையிலிருந்து குமரிக்குப் போகிற வழி என்றால் அந்தத் தோட்டம் நம் பக்கமாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. சாத்தனார் பசுவை முதலில் நக்க வைத்துவிட்டுப் பிறகு பால் கொடுக்க வைத்ததைக் கவனியுங்கள். மாடு மேய்த்தவர்கள் சொல்லிக் கேட்டவர் எழுதியது மாதிரி இருக்கிறது.

மூன்றாவது குட்டிக்கு வருவோம். உங்கள் வீட்டில் மூன்று போட்டால் என்ன செய்வது? முதல் ஒரு மணி நேரத்துக்குள் சின்னதைத்தான் முதலில் காம்பில் வைக்கவேண்டும். பெரியது எப்படியும் வந்துவிடும். தாயை மற்ற ஆடுகளிடமிருந்து பிரித்து, மூன்றையும் அவளே நக்க விடவேண்டும், துணியால் துடைத்து உதவி செய்கிறேன் என்று போகக்கூடாது. பால் போதவில்லை என்றால் புட்டிப்பால். அதையும் குட்டி தாய் மடியில் குடிக்கிற உயரத்தில், கழுத்து மேல்நோக்கி நீண்டிருக்கும்படி கொடுக்கவேண்டும். அப்படிச் சப்பிக் குடிக்கும்போதுதான் உள்ளே ஒரு வாய்க்கால் மூடிக்கொண்டு, பால் முதல் இரைப்பையில் விழாமல் நேரே செரிக்கிற இரைப்பைக்குப் போகும். வாயைப் பிளந்து ஊற்றினால் தப்பான இடத்தில் விழுந்து புளித்துக் கழிச்சல் எடுக்கும். வேறு ஆடு ஒன்று குட்டி போட்டுக் குட்டி இறந்திருந்தால், அந்த ஆட்டின் பனிக்குட நீரை நம் குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவிச் சேர்த்துவிடலாம், அந்த ஆட்டின் மூளையில் கதவு மூடுவதற்குள்.

புட்டியில் வளர்ந்த குட்டி மனிதர்களிடம் மிகவும் ஒட்டிக்கொள்ளும், மந்தையின் மரியாதை தெரியாமல் வளரும். அதனால் புட்டி கொடுத்தாலும் தாயோடும் அண்ணன்களோடுமே படுக்க விடுங்கள்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். உடன்குடி, குலசை, சாத்தான்குளம், விளாத்திகுளம் பக்கம் கன்னியோ கொடியோ வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்து மூன்று குட்டி போடுகிற ஆட்டில் குட்டிகளுக்கு நெற்றியில் ஆளுக்கொரு நிறம் வைத்துவிடுங்கள். மஞ்சள், குங்குமம், நாமக்கட்டி எதுவும் ஆகும், வாலடியில் மட்டும் வேண்டாம். காலையும் மாலையும் எது எந்தப் பக்கம் குடிக்கிறது, எது பின்னால் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பால் மறந்தபின் தீவனத் தொட்டியில் எது முதலில் வாய் வைக்கிறது என்பதையும் அதே தாளில் எழுதி அனுப்புங்கள். நாலைந்து வீட்டுக் கணக்கு வந்தால், பெரியம்மையிடம் உட்கார்ந்து சண்டை போட எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.